மொத்தம் எவ்வளவு?

பிப்ரவரி 2-ஆம் தேதி நாளிதழைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது ஒரு நாணயத்தின் படத்தைத்தான். ஒரு ரூபாய் நாணயத்தை வட்டமாக வைத்து, அரசுக்கு அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். வருமான வரி இத்தனை பைசா, கடன் இத்தனை பைசா, வட்டிக்கு இத்தனை பைசா. மத்திய பட்ஜெட் ஆவணத்திலேயே இந்தப் படம் உண்டு. பத்திரிகைகள் அதை எடுத்து வண்ணம் தீட்டிப் போடுகின்றன. இந்த வருஷமும் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சு மையின் வாசனைக்குள்ளிருந்து அப்பாவின் கத்தரிக்கோல் சத்தம் வந்தது.

அப்போதெல்லாம் பட்ஜெட் பிப்ரவரி மாதக் கடைசியில் வரும். 2017-இல்தான் அதை பிப்ரவரி 1-க்கு மாற்றினார்கள். அதனால் எங்கள் வீட்டில் அது மார்ச் மாதத்து வேலை. டீக்கடைக்கு வரும் பத்திரிகையில் அந்தப் பக்கத்தை மட்டும் முதல் நாளே சொல்லி வைத்து வாங்கி வருவார் அப்பா. நாணயத்தைச் சுற்றிக் கவனமாக வெட்டி, நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் வருஷத்தை எழுதுவார். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். அரசாங்கம் தன் ரூபாயைக் காட்டுகிற மாதிரி, சங்கமும் தன் ரூபாயை உறுப்பினர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்கு முந்தின இரவு வீட்டுக் கூடத்தில் சார்ட் பேப்பர் விரியும். நாலு மூலைக்கும் பால் ஊற்றும் அளவுப் படிகளை வைத்து நிறுத்துவோம். என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயமும் கோணமானியும் அவர் கைக்குப் போகும். முதலில் வட்டம். பிறகு மையத்திலிருந்து நேர் மேலாக ஒரு கோடு. அதன் பிறகுதான் கணக்கு: ஒவ்வொரு செலவையும் 360-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் அந்தச் செலவுக்கு உரிய கோணம் வரும். பேரேட்டைப் பார்த்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கி வகுப்பேன்.

அரைவட்டக் கோணமானியில் 180 பாகைக்கு மேல் கிடையாது. சங்கத்தின் செலவில் பெரும்பங்கு பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும் விலை. அது அரைவட்டத்தைத் தாண்டிப் போகும். அப்பா அதைத் தொடமாட்டார். தீவனம், சம்பளம், போக்குவரத்து, கரண்ட் பில் என்று சின்னப் பங்குகளை எல்லாம் வரிசையாக அளந்து குறித்துக்கொண்டே வருவார். கடைசியில் மிச்சமிருப்பதுதான் பால்காரர்களின் பங்கு. அந்த மிச்சத்தை இரண்டு தடவையாகக் கோணமானி வைத்து அளப்பார். காலண்டர் தாளில் நான் போட்ட விடையும் அந்த அளவும் ஒத்துப்போனால்தான் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறப்பார். கோணமானி சொல்வதையும் பேரேடு சொல்வதையும் தனித்தனியாக வாங்கி ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிற அந்த வழக்கத்தின் அருமை எனக்கு அப்போது தெரியாது. சீக்கிரம் வண்ணம் அடிக்க வேண்டும் என்பதில்தான் என் மனசு இருந்தது.

மறுநாள் சங்கக் கட்டடத்தின் சுவரில் அது தொங்கும். பேரவையில் படிக்கப்படும் வரவு செலவு அறிக்கையைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறவர்கள்கூட இந்த வட்டத்தின் முன்னால் நின்றுவிட்டுத்தான் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தூக்குச்சட்டியோடு வந்து நின்று, “ஏந்தம்பி, இந்த நீலம் ஆருக்குப் போகுது?” என்று கேட்டது நினைவிருக்கிறது. “அது தீவனத்துக்குங்க ஆத்தா” என்றார் அப்பா. “போன வருசம் இத்தாச்சோடு இல்லையே?” என்றார் பாட்டி. அந்த வருஷம் புண்ணாக்கு விலை ஏறியிருந்தது. பாட்டி எந்த எண்ணையும் படிக்கவில்லை. போன வருஷத்து நீலத்தை மனசில் வைத்திருந்து, இந்த வருஷத்து நீலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். அப்பாவின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த நிறைவை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

*

பல வருஷம் கழித்து, கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வலைத்தளம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தேன். குழாய்த் திரை மானிட்டர்கள் மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த காலம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஓர் அறக்கட்டளை தனக்கொரு வலைத்தளம் கேட்டது. அதன் பொறுப்பில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிவப்பு, நீலம் என இரண்டு பேனா. “தம்பி, பணம் கொடுத்தவங்க பக்கத்தைத் திறந்ததும் தங்களோட நூறு ரூபாய் எங்க போச்சுன்னு தெரியணும். அட்டவணை போட்டா யாரும் படிக்க மாட்டாங்க” என்றார். அப்பாவின் சுவர் வட்டம்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

அந்த நாளில் வலைப்பக்கத்தில் வட்டம் போடுவது சுற்று வழியாக இருந்தது. எக்செல்லில் எண்களைக் கொடுத்து வட்டம் வரவழைத்து, அதைப் பெயிண்டில் ஒட்டி, ஓரம் வெட்டி, ஜிஃப் படமாகச் சேமித்து ஏற்றுவோம். தலைமையாசிரியர் ஐயா போன் செய்து ஒரு செலவைத் திருத்தச் சொன்னால் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. ஃபிளாஷில் செய்யலாம், ஆனால் பார்க்கிறவரின் கணினியில் அதற்கான இணைப்பு மென்பொருள் இருக்க வேண்டும். முகவரியில் எண்களை எழுதி அனுப்பினால் படமாகத் திருப்பித் தருகிற இலவசச் சேவைகளும் பிறகு வந்தன. அவை ஒவ்வொன்றாக நின்றும் போயின. ஃபிளாஷுக்கான ஆதரவே 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

எனக்கு வழி காட்டியது கேன்வாஸ். ஆப்பிள் நிறுவனம் 2004-இல் தன் கணினிகளுக்காகக் கொண்டுவந்த வசதி இது. மறு வருஷமே ஃபயர்ஃபாக்ஸ் 1.5-இல் வந்தது. பக்கத்தில் ஒரு வெற்றுச் சதுரத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குள் எதை வரைய வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்டில் சொன்னால் போதும், உலாவியே வரைந்துவிடும். 1995-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த பிரண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். படிவத்தில் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அதை அதுவரை நான் பயன்படுத்தியிருந்தேன். அதே மொழி கவராயம் பிடிக்கும் என்று கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு மாலை உட்கார்ந்தேன். எண்களின் பட்டியல் ஒன்று, வண்ணங்களின் பட்டியல் ஒன்று. எண்களைக் கூட்டி மொத்தம். பிறகு ஒவ்வோர் எண்ணையும் மொத்தத்தால் வகுத்து, முழுச் சுற்றால் பெருக்கினால் கோணம். கணினி 360 பாகை என்று பேசாது. ரேடியனில் முழுச் சுற்று என்பது இரண்டு பை. மற்றபடி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் போட்ட அதே கணக்குத்தான்.

துண்டு வரைகிற கட்டளைகளை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ‘பிகின்பாத்’ என்றால் புதுக் கோட்டைத் தொடங்கு. ‘மூவ்டூ’ என்று பேனாவை வட்டத்தின் மையத்தில் வை. ‘ஆர்க்’ என்று மையம், ஆரம், தொடங்கும் கோணம், முடியும் கோணம் கொடுத்தால் வில் விழும். ‘குளோஸ்பாத்’ வில்லின் முனையைத் தொடங்கிய இடத்தோடு சேர்க்கும். ‘ஃபில்’ வண்ணம் நிரப்பும். அவ்வளவுதான் ஒரு துண்டு. முடிந்த கோணத்தை அடுத்த துண்டின் தொடக்கமாக வைத்துக்கொண்டு, எண்கள் தீரும்வரை இதையே சுற்றிச் சுற்றிச் செய்தால் வட்டம் நிறைந்துவிடும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பேனாவை முதலில் மையத்தில் வைக்காமல் வில்லை மட்டும் வரைந்து நிரப்பினால், பள்ளியில் படித்த வட்டக்கோணப்பகுதி வராது. நாணால் வெட்டிய வட்டத்துண்டுதான் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் புதுக் கோடு தொடங்காவிட்டால், முன்னால் வரைந்த துண்டுகளின் மேலும் புது வண்ணம் ஏறி, கடைசியில் வட்டம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். கேன்வாஸில் பூஜ்ஜியக் கோணம் மூன்று மணி திசையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கோணம் இடஞ்சுழியாக வளரும். திரையில் செங்குத்து அளவு மேலிருந்து கீழாக வளர்வதால் இங்கே அது வலஞ்சுழி. அப்பாவைப் போல நேர் மேலாக, பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், தொடக்கக் கோணத்தில் பையில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தேன். நேர் மேலே முதல் கோடு. அங்கிருந்து வலப்பக்கமாகப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பூட்டுவதற்கு வந்து நின்ற வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாருக்குங்க தம்பி, எந்த நிறம் எதுக்குங்க?” என்று கேட்டார். சுவரில் மாட்டினாலும் திரையில் போட்டாலும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வட்டத்துக்குப் பக்கத்தில் வண்ணக் கட்டங்களும் பெயர்களும் வைத்தேன். ‘நிர்வாகச் செலவு’ போன்ற சொற்கள் மெலிந்த துண்டுக்குள் அடங்குவதில்லை. பக்கத்தில் வைத்தால் எழுத்துப் பெரிதாகவும் இருக்கும், தேடினாலும் கிடைக்கும். கேன்வாஸ் தெரியாத உலாவிகள் அன்று நிறைய அலுவலகங்களில் இருந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்த வசதி 9-ஆம் பதிப்போடு 2011-இல்தான் வந்தது. அவர்களுக்காக வட்டத்தின் கீழேயே ஒரு சாதாரண அட்டவணையும் போட்டு வைத்தோம்.

அந்த அட்டவணையின் பயன் வேறு இடத்திலிருந்து தெரிய வந்தது. அறக்கட்டளையின் உதவியில் படித்து ஆசிரியரான பார்வையற்ற பெண் ஒருவர், என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளை வைத்து எங்கள் பக்கத்தைக் கேட்டிருக்கிறார். கேன்வாஸ் என்பது வெறும் வண்ணப் புள்ளிகள். திரைவாசிப்பானுக்கு அதற்குள் படிக்க எதுவும் இல்லை. ஆனால் அட்டவணையை அது வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறது. “சார், வட்டம் இருக்குன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. எனக்கு அட்டவணையே போதும், கணக்கு முழுசாப் புரிஞ்சுது” என்று போனில் சொன்னார். அன்றிலிருந்து, அட்டவணை இல்லாமல் நான் ஒரு வட்டத்தையும் பக்கத்தில் ஏற்றியதில்லை.

*

ஐயா வட்டத்தைப் பார்க்க அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, சிவப்புப் பேனாவை எடுத்தார். திரையில் இருந்த சதவீதங்களை உள்ளங்கையில் எழுதிக் கூட்டினார். “தம்பி, தொண்ணூத்தொம்பதுதானே வருது? மிச்சம் ஒரு ரூபாய் எங்கே?”

நூற்றுக்கு இத்தனை என்று முழு எண்ணாக்கும்போது நேர்கிற விஷயம் இது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மொத்தச் செலவு 5,00,000 ரூபாய். கட்டணத்துக்கு 2,12,000, புத்தகத்துக்கு 1,56,500, சீருடைக்கு 81,000, நிர்வாகத்துக்கு 50,500. சதவீதமாக்கினால் 42.4, 31.3, 16.2, 10.1. கூட்டினால் சரியாக 100. தசமத்தை நீக்கி முழு எண்ணாக்கினால் 42, 31, 16, 10. இப்போது 99. ஒவ்வொரு பங்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதில் ஒன்று காணாமல் போய்விட்டது. இதற்கு நியாயமான ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் கீழ் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, விடுபட்டதை எந்தப் பங்கின் மீதி மிகப் பெரியதோ அதற்குக் கொடுப்பது. இங்கே கட்டணத்தின் மீதி 0.4 என்பதால் அது 43 ஆகும். சில நாடுகளில் விகிதாசாரத் தேர்தலில் இடங்களைப் பங்கிடுவதும் இதே முறையில்தான். துண்டின் கோணத்துக்கு மட்டும் முழு எண்ணை எடுக்கக் கூடாது, உண்மையான ரூபாயைத்தான் எடுக்க வேண்டும். 42.4-க்கு 152.64 பாகை. கோணமானியில் அதைக் குறிக்க முடியாது, கணினிக்கு அது சிரமமே இல்லை.

நான் விளக்கியதை ஐயா பொறுமையாகக் கேட்டார். சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ரூபாயையும் போடச் சொன்னார். அதன் பிறகு அவர் கேட்டதுதான் இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது. “சீருடைச் செலவை யாராவது எழுத விட்டுட்டா இந்தப் படம் என்ன பண்ணும்?”

அங்கேயே அந்த எண்ணை நீக்கிக் காட்டினேன். மூன்று துண்டுகள் நகர்ந்து நெருங்கி, முழு வட்டமாக நின்றன. ஓர் இடைவெளி இல்லை, ஒரு விரிசல் இல்லை. “பார்த்தீங்களா தம்பி, 81,000 ரூபாய் காணோம். வட்டத்துக்கு அது தெரியல” என்றார் ஐயா. துண்டுகளைக் கூட்டி மொத்தம் எடுத்தால் வட்டம் எப்போதும் மூடிக்கொள்ளும். அது மூடியிருப்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. கோணமானியையும் பேரேட்டையும் அப்பா ஏன் தனித்தனியாகக் கேட்டார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே நிரலை மாற்றினோம். தணிக்கை அறிக்கையில் இருக்கும் மொத்தத்தைத் தனியாக ஓர் இடத்தில் எழுதி வைப்பது. துண்டுகளைக் கூட்டி வருவதை அதோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றானால் வட்டம் வரையும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் வட்டம் வராது. ‘கணக்கு சரிபார்க்கப்படுகிறது’ என்ற வரி மட்டும் வரும். நிரலில் மூன்றே வரிதான் கூடுதல். ஐயா எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஐயா இருந்த வரையில் அந்த அறக்கட்டளையின் கணக்கு இப்படித்தான் ஊருக்குப் போனது.

*

வட்டத்தை இப்படித் துண்டாக்கிக் காட்டுகிற யோசனை ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேருடையது. நீராவி எந்திரத்தைச் சீர்ப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடம் போடும் வேலை பார்த்தவர் அவர். 1801-இல் வெளியிட்ட புத்தகத்தில், துருக்கியப் பேரரசின் நிலம் ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று ஒரே வட்டத்தில் காட்டினார். வண்ணம் கையால் தீட்டப்பட்டது. எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ ஒருவர் செய்ததை எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா ஸ்கெட்ச் பேனாவால் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வட்டத்துக்கு எல்லைகளும் உண்டு. கோணத்தைவிட, ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் உயரத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடும் என்று கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சோதனை செய்து காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டினால் எது பெரிது என்றே தெரியாது. அதனால் நாலைந்து பங்குகளுக்கு மட்டும்தான் நான் வட்டம் போடுவேன். அதற்கு மேல் போனால் பட்டைதான். ஆனால் ‘ஒரு முழுமையில் இது இவ்வளவு’ என்பதைச் சொல்ல வட்டம் மாதிரி வேறொன்று இல்லை. தூக்குச்சட்டியோடு நின்ற பாட்டிக்குப் பட்டைகளைக் காட்டியிருந்தால் அந்த நீலம் அப்படிக் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது வேலை எளிதாகிவிட்டது. 2013-இல் வந்த சார்ட்.ஜேஎஸ் போன்ற நூலகங்களிடம் எண்களைக் கொடுத்தால், வட்டம் சுழன்று வந்து நிற்கும். விரல் வைத்தால் விவரம் சொல்லும். ஸ்கிரிப்டே இல்லாமல் ஸ்டைல் ஷீட்டில் ‘கோனிக் கிரேடியன்ட்’ என்று ஒரு வரி எழுதினாலும் வட்டம் வந்துவிடுகிறது. இவற்றை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். இருந்தாலும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் வெற்றுக் கேன்வாஸைக் கொடுத்து, ஒரு தடவையாவது கையால் எழுதச் சொல்கிறேன். மொத்தத்தால் வகுக்கிற வரியை அவர்களே எழுதும்போதுதான், அந்த மொத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது.

போன தேர்தல் முடிந்த சமயம், பள்ளிக்கூட வேலையாக என் மகள் ஒரு வட்டம் செய்துகொண்டிருந்தாள். எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீத வாக்கு என்று எங்கள் தொகுதிக் கணக்கு. மையம், வில், வண்ணம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி அவளே எழுதினாள். மொத்தம் என்ற இடத்தில் பதிவான வாக்குகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அப்பா, ஓட்டுப் போடாதவங்க இதுல எங்க?”

கட்சிகளின் வாக்கு சதவீதம் பதிவான வாக்குகளை வைத்துச் சொல்லப்படுவது. வாக்குச்சாவடிக்கு வராதவர்கள் அந்த வட்டத்துக்குள் வருவதே இல்லை. அது தவறான கணக்கு இல்லை. எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அதுதான் விடை. ஆனால் தொகுதியின் வாக்காளர் எல்லோரையும் பற்றிய கேள்விக்கு வேறு மொத்தம் வேண்டும். மகள் வாக்காளர் பட்டியலின் எண்ணிக்கையைத் தேடி எடுத்தாள். மொத்தத்தை மாற்றி, வராதவர்களுக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு சேர்த்தாள். கட்சிகளின் துண்டுகள் எல்லாமே சுருங்கின. இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ‘மொத்தம்: பதிவான வாக்குகள்’, ‘மொத்தம்: வாக்காளர்கள்’ என்று எழுதினாள். அப்படி எழுதச் சொல்லி நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வட்டம் வரைகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது அந்தத் தலைப்பு வரியைத்தான். எதன் மொத்தம், எவ்வளவு மொத்தம் என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். அந்த எண்ணைத் துண்டுகளைக் கூட்டி எடுக்காமல், கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வாங்கி வாருங்கள். வண்ணமும் அழகும் அதற்குப் பிறகு தானாக வரும்.